மிதவைக்கு இறுகும் கழுத்து

படகின் ஏணியில் கால் வைத்த என் புருஷன் ஆர்ன்ஃபின் அப்படியே நின்றுவிட்டான். இருபது மீட்டர் ஆழத்திலிருந்து வந்தவனுக்கு மூச்சு வாங்கும்தான், ஆனால் இது வேறு. கை நீட்டித் தூக்கினேன். உடம்பு முழுக்க நடுங்கினான். முதுகு ஜிப்பைத் திறந்தால், உள்ளே கம்பளிச் சட்டை நெஞ்சோடு தொப்பலாக ஒட்டிக் கிடந்தது. தண்ணீர் புகாத முக்குளி உடுப்பாம்! பிப்ரவரிக் கடல், நாலு டிகிரி. இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

"எங்கயோ ஓட்டை," என்றான். பற்கள் தந்தியடித்தன.

"எங்க?"

"அது தெரிஞ்சா நான் ஏன் நனையுறேன்?"

சிப்பிப் பையில் பாதிகூட நிறையவில்லை. விசிறிச் சிப்பி பொறுக்குகிறவன் தலையைக் கீழே போட்டுக்கொண்டுதான் தரையோடு தரையாக நீந்த வேண்டும். அந்த நேரத்தில் உடுப்புக்குள் தண்ணீர் வந்தால் குளிரில் விரல் மரத்துப்போகும், புத்தி மந்தமாகும். போன வருஷம் அடுத்த தீவில் ஒருவனுக்கு அப்படித்தான் ஆயிற்று. பதறி விறுவிறுவென்று மேலே வந்ததில் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி, இன்றைக்கும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறான். பதினாலு வருஷமாகப் படகில் உட்கார்ந்து இவன் விடும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருப்பது நான். குமிழி வருகிறதா, வருகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். ஒரு நிமிஷம் காணவில்லை என்றால் எழுந்து நின்றுவிடுவேன். இந்த வாரம் முழுக்க நின்றுகொண்டேதான் இருந்தேன்.

மறுநாள் காலை உடுப்பைப் படகுக் கொட்டகையில் தொங்கவிட்டேன். ஓட்டை கண்டுபிடிப்பது எங்கள் வீட்டில் என் வேலை. தண்ணீர் புகாமல் தோலை இறுகப் பிடிக்கும் மணிக்கட்டு ரப்பர் இரண்டிலும் அடைப்பாக ஒவ்வொரு பீர் பாட்டில். கழுத்து ரப்பரில் ஒரு ஆரஞ்சு நிற வலை மிதவை. ஆர்ன்ஃபின் கழுத்தின் பருமனுக்கு அளவெடுத்ததுபோல் இருக்கிறதென்று இந்த உடுப்பு வாங்கிய காலத்திலிருந்து அதைத்தான் அடைப்பாக வைக்கிறோம். தோள் வால்வை மூடிவிட்டுச் சிலிண்டரிலிருந்து காற்றை விட்டேன். உடுப்பு கையையும் காலையும் விரித்துக்கொண்டு விம்மியது.

கதவில் தலையை நீட்டினான் பக்கத்துத் துறை தூர்லைஃப். "என்ன குன்வோர், புருஷன ஊதிப் பெருசாக்குறியா?"

"ஆமா, வாயேன், உனக்கும் ஊதுறேன். தலையில மட்டும் ஏற்கெனவே நெறையக் காத்து இருக்கு."

சிரித்துக்கொண்டே போய்விட்டான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் நுரைத்து, சவரப் பிரஷ்ஷால் அங்குலம் அங்குலமாகப் பூசினேன். காற்று கசிந்தால் அங்கே நுரை கொப்பளிக்கும். ஜிப்பில் இல்லை. வால்வில் இல்லை. தையல்களில் இல்லை, கால் உறையில் இல்லை. மறுபடி ஒரு சுற்று. ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு வந்து பார்த்தேன். சனியன் பிடித்த உடுப்பு, கல்லுக் கணக்காக இறுகித்தான் நின்றது.

மதியம் சாப்பிடும்போது ஆர்ன்ஃபின் உருளைக்கிழங்கைத் தட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளினான். மீனில் இரண்டு வாய். அப்புறம் காப்பி. கிறிஸ்துமஸுக்கு முன்னால் கேட்டதற்குப் பல்வலி என்றான். ஜனவரியில் வயிற்றுப் புண் என்றான். இடுப்பு பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை ஒன்று இருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை. மார்ச்சில் முக்குளிப்பவர்களுக்கான மருத்துவப் பரிசோதனை. அதில் தேறாவிட்டால் கடலில் இறங்க விடமாட்டார்கள். அதுவரை பேச்செடுக்க வேண்டாம் என்று அவனும் விட்டிருந்தான், நானும் விட்டிருந்தேன். உடுப்பில் ஓட்டை இல்லை, அப்படியென்றால் என்று நினைத்தபோது எனக்குத் திடீரென்று பயம் வந்தது.

"எந்திரி. உடுப்பப் போட்டுக்க."

"சாப்பிட்டுட்டு இருக்கேன்ல?"

"எங்க சாப்பிடுற? எந்திரி மனுஷா."

கொட்டகையில் அவனையே நிற்க வைத்து, உடுப்புக்குள் காற்றை விட்டேன். உடுப்பு விம்மவே இல்லை. பிரஷ்ஷைக் கழுத்தருகே கொண்டு போனதும் நுரை கொதித்தது. தாடைக்குக் கீழே, புடைத்த இரண்டு நரம்புகளுக்கு நடுவில் இருந்த பள்ளத்தில், புசுபுசுவென்று. ரப்பருக்கும் தோலுக்கும் இடையே விரலை விட்டேன். ஒன்று போயிற்று. இன்னொன்றும் போயிற்று. போன கோடையில் என் சுண்டு விரல்கூட நுழையாத இடம்.

"ரப்பர் தளர்ந்துபோச்சு," என்றான் சுவரைப் பார்த்தபடி.

"ஆகஸ்ட்ல மாத்தினது."

"மட்டமான ரப்பரா இருக்கும்."

"மிதவைல இறுக்கமா நிக்குதே ஆர்ன்ஃபின்."

அவன் கழுத்து ரப்பரை மேலே இழுத்துவிட்டான். நாங்கள் உடுப்பைச் சோதித்தோமே தவிர, அதற்குள் போகிற ஆளைச் சோதிக்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம்.

"கழுத்தச் சுத்தி ஒரு பட்டை ஒட்டிட்டா சரியாயிடும்," என்றான். "நாளைக்குக் காத்து இல்ல. நல்ல கடல்."

"கிளினிக்குக்குப் போன் பண்ணப் போறேன்."

"அம்மா தாயே, மார்ச் வரைக்கும் விடு. இப்பவே போனா கடல்ல எறங்கக் கூடாதுன்னுடுவாங்க. அப்புறம் நான் என்ன, உன்கூட படகுல உக்காந்து குமிழி எண்ணணுமா?"

"எண்ணேன். பதினாலு வருஷமா நான் எண்ணல?"

அவன் உடுப்பைக் கழற்றினான். மறுபடி உத்தரத்தில் மாட்டினான். பட்டை ஒட்ட ரப்பர் இறுக்கமாக நிற்க வேண்டும். பாட்டில்களைச் செருகினான், மிதவையை உடுப்பின் கழுத்தில் திணித்தான், காற்றை விட்டான். பசை டப்பாவைத் திறந்தான்.

நான் வாசலுக்கு வந்து போனில் கிளினிக் எண்ணை அழுத்தினேன். உள்ளே, ஊதிய உடுப்பு தோள் அகன்று, நெஞ்சு நிமிர்ந்து தொங்கியது. போன கோடையின் ஆர்ன்ஃபின். அதன் பக்கத்தில் பனியனோடு நின்றவன் அதில் பாதிதான் இருந்தான். இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவ்வளவு இளைத்திருப்பதை எப்படிப் பார்க்காமல் இருந்தேன்!

"சொல்லுங்க," என்றது ஒரு பெண் குரல். "யாருக்குப் பாக்கணும்?"

அவன் பிரஷ்ஷை நடுவழியில் நிறுத்தி என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையாட்டுவான் என்று காத்திருந்தேன். ஆட்டவில்லை. அவன் பெயரைச் சொன்னேன். பிறந்த தேதியைச் சொன்னேன். பிரஷ் நுனியில் பசை துளியாகத் திரண்டு, நீண்டு, அவன் கம்பளிக் காலுறைமேல் விழுந்தது. அவன் அதைத் துடைக்கவும் இல்லை, ரப்பரில் தடவவும் இல்லை.