முடிவு சொல்பவருக்கே வலி

மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் இருந்த அந்த மூட்டு மருத்துவமனையில், சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்று சொல்லும் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ, வலியும் அவரிடமே இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும் என்பதைப்போல அது அந்த இடத்து வழக்கம்.

தமயந்தி அங்கே ஆலோசகர். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து "மூட்டு மாத்தணும்" என்பார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, "அப்புறம் உங்க விருப்பம்" என்று முடிப்பார். அவருக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை. அங்கிருந்து எழுந்து வருகிறவர்களை உட்கார வைத்து, சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டு, என்ன செய்வார்கள், எப்போது எழுந்து நடக்கலாம் என்று விளக்கி, ஒரு தேதிக்குச் சம்மதம் வாங்குவது தமயந்தியின் வேலை. அவள் பயந்தது ஒரே ஒரு வாக்கியத்துக்குத்தான்: "நீங்களே பார்த்து எது சொன்னாலும் சரி மேடம்." வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாத்திரக்கடைக்காரர் அப்படிச் சொல்லிவிட்டு எழுந்து போனார். தீபாவளி வியாபாரம் முடிந்து அவர் திரும்பி வரும்வரை, அவருடைய இடுப்பு வலியோடுதான் தமயந்தி பஸ் ஏறினாள், துணி துவைத்தாள். இப்போதெல்லாம் அந்த வாக்கியம் பாதியில் இருக்கும்போதே, "வீட்ல கேட்டுட்டு வாங்க" என்று கதவைக் காட்டிவிடுவாள்.

அங்கயற்கண்ணி வலது காலைத் தாங்கித் தாங்கி வந்தாள். கூடவே கணவர் சௌந்தரபாண்டியன், அவருடைய அண்ணன், அக்காள், ஒரு பை ஆரஞ்சுப்பழம். மழைக்காலத்துக்குள் மூட்டை மாற்றாவிட்டால் அந்தக் காலால் இனி நடக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தமயந்தி அங்கயற்கண்ணியைப் பார்த்துத்தான் கேட்டாள். "என்னம்மா, தேதி குறிக்கலாமா?"

"அவளப் போயி என்னத்தக் கேக்குறீங்க? அவளுக்கு என்ன தெரியும்? நான் சொல்றேன்" என்றார் சௌந்தரபாண்டியன்.

அங்கயற்கண்ணியின் முகம் தெளிந்தது. சௌந்தரபாண்டியன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார்.

"ஆத்தாடி! இதென்ன இந்தக் குத்துக் குத்துது?"

"மூணு வருஷமா அப்பிடித்தாங்க குத்துது" என்றாள் அங்கயற்கண்ணி, ஆரஞ்சை உரித்தபடி.

வலி வந்ததும் மனிதர்களுக்குக் குடும்பப் பாசம் பொங்கிவிடும். சௌந்தரபாண்டியனுக்கு அண்ணன் மேல் மரியாதை வந்தது. "எங்க வீட்ல எதுன்னாலும் அண்ணன்தான் சொல்லணும்." அண்ணன் துடித்தெழுந்து காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, மூத்தவள் இருக்கும்போது தான் எப்படிச் சொல்வது என்றார். அக்காள் பல்லைக் கடித்துக்கொண்டு துபாயிலிருந்த தம்பி மகனுக்குப் போன் போட்டாள். "டேய் கதிரேசா, உங்கம்மாவுக்கு நீதான்டா சொல்லணும்." துபாயில் ஏதோ விழுந்து உடைகிற சத்தம் கேட்டது. "அத்தை, அம்மா விஷயத்துல அப்பா முடிவுதான்" என்று கதிரேசன் அவசரமாகச் சொன்னான். சௌந்தரபாண்டியன் மறுபடி நாற்காலியில் சரிந்தார்.

இப்படியே வாரங்கள் போயின. வலி, சீட்டுக்கட்டில் வேண்டாத சீட்டைப்போலக் கைமாறிக்கொண்டிருந்தது. இத்தனை பேரில் ஒருவருக்குக்கூட "சரி, செய்யுங்கள்" என்று சொல்லத் தோன்றவில்லை. அங்கயற்கண்ணிக்கு மட்டும் ஒரு வலியும் இல்லை. மாடிக்குத் தண்ணீர் தூக்கினாள், மாவு ஆட்டினாள். ஆனால் போனது வலிதான். நோய் அவளோடேயே இருந்தது. கால் மெல்ல மெல்ல வில்லாக வளைந்தது. தமயந்தி போன் செய்யும்போதெல்லாம் வீட்டில் யாராவது ஒருவர், "பேசிக்கிட்டிருக்கோம் மேடம்" என்று முனகினார்.

மழைக்கு மேகம் கூடியபோது ஜோசியரைக் கேட்டார்கள். ஜோசியர் விவரமானவர். கால் சுருக்கென்றதுமே, "நாம யாருங்க சொல்றதுக்கு? குரு பார்த்துச் சொல்லட்டும்" என்று எழுந்து நடந்துவிட்டார்.

மறுநாள் காலை குரு மருத்துவமனைக்கு வந்தார். மஞ்சள் வேட்டி, கனத்த உடம்பு. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். குடும்பம் மொத்தமும் ஒதுங்கி வழிவிட்டது. தமயந்தி அவருக்குக் கைவைத்த நாற்காலியைப் போட்டாள்.

"சர்க்கரை இருக்கா ஐயா?"

"இல்லம்மா."

அவள் எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, "நீங்களே பார்த்து..." என்று ஆரம்பித்தார்.

"வீட்ல கேட்டுட்டு வாங்க" என்றாள் தமயந்தி.

"எந்த வீட்லம்மா கேக்குறது? வருஷத்துக்கு ஒரு வீடு மாறிக்கிட்டிருக்கேன்."

மூலையில் வளைந்த காலோடு உட்கார்ந்திருந்த அங்கயற்கண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தவர் வலி என்றால் அவளுக்குச் சட்டென்று புரியும். அப்படித்தான் வளர்த்திருந்தார்கள்.

"பாவம், இந்தக் காலோட இன்னொரு வீட்டுக்குக் குடிபோகணுமே மனுஷன்" என்றாள். "மேடம், நானே சொல்லிடுறேன். வர்ற திங்கக்கிழமை வச்சுக்குங்க."

"யாரக் கேட்டுடி சொல்ற?" என்றார் சௌந்தரபாண்டியன்.

"என்னையக் கேட்டுத்தான்."

வலி அவளிடம் திரும்பி வந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். தன் முழுப் பெயரையும் எழுதினாள். அது நீளமான பெயர்.

"அப்ப எனக்குச் சோறு?" என்று கேட்டார் சௌந்தரபாண்டியன். "பொங்குறதா, கடையில வாங்குறதா? யார் பாக்குறது?"

"அத நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். முப்பது வருடங்களாக எல்லாருக்கும் கடைசியில் சாப்பிட்ட அவளுடைய பசி அது. அண்ணனும் அக்காளும் அவரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெளியே கூட்டிப்போனார்கள். குரு இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிப் போய்விட்டார்.

அடுத்து வந்தவர் கறுப்பு வேட்டி கட்டியிருந்தார். காலை இழுத்து இழுத்து வந்து உட்கார்ந்தார்.

"எவ்வளவு நாளா வலி?" என்று தமயந்தி கேட்டாள்.

"ஏழரை வருஷமா."

"யார் முடிவு சொல்லணும்?"

"எல்லாரும் என் பேரைத்தானம்மா சொல்றாங்க."

வாசலில் அவர் விட்டுவந்த காக்கை செருப்புகளின் மேல் காத்திருந்தது. தமயந்தி காலை நன்றாக நீட்டி உட்காரச் சொல்லிவிட்டு, சர்க்கரை இருக்கா என்று கேட்டாள்.