எட்டு கேனுக்கு ஆறு கேன் தண்ணீர்

அஜாரா சாலையில் செனாமியின் பஞ்சர் கடைக்கு செதோன்ஜியின் வண்டி வந்து சேர்ந்தபோது, பின்பக்க இடது டயர் டயராக இல்லை, கந்தலாக இருந்தது. கடைசி மூன்று கிலோமீட்டரை ரிம்மிலேயே ஓட்டி வந்திருந்தான். எல்லைக்குப் போகிற வழி என்பதால் பெட்ரோல் கேன்கள் காலி. திரும்பி வருகிற வழியாக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்காது.

வண்டிக்கு ஐம்பது வயது, அவனுக்கு ஐம்பத்திரண்டு. ஒரு காலத்தில் அது இரண்டு சக்கர வெஸ்பா. இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் சூம்பிப்போனவனுக்காக ஒரு வெல்டர் அதன் பின்பக்கத்தை அறுத்து, பட்டா ஸ்பிரிங்கும் இரண்டு சக்கரமும் இரும்புத் தட்டும் வைத்துக் கொடுத்தான். அதிலிருந்து இருபத்தாறு வருஷமாக ஒரே வேலை. எல்லை தாண்டி நைஜீரியாப் பக்கம் போய் எட்டு கேனில் மலிவுப் பெட்ரோல் பிடித்து வருவது, இந்தப் பக்கம் போர்ட்டோ-நோவோ தெருவோரங்களில் பாட்டிலில் ஊற்றி விற்கிற பெண்களுக்கு இறக்குவது. கேன் ஒன்றுக்கு ஐம்பது லிட்டர். தட்டில் ஆறு நிற்கும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, கொக்கியில் தொங்கும்.

"என்னண்ணே, மூணு சக்கர மகாராசா ரெண்டே முக்கால் சக்கரத்துல ஊர்வலம் வர்றாரு?" செனாமி ஸ்டூலை விட்டு எழவில்லை.

"வாய மூடிட்டு ஜாக்கியப் போடு."

"காலைலேர்ந்து கடையத்தான் ஒருத்தனும் எட்டிப் பாக்கல. வாயையாவது தொறந்து வெக்கிறேன்."

செதோன்ஜி சீட்டிலிருந்து கைகளால் இறங்கித் தரையில் உட்கார்ந்தான். ஊன்றி நகர உள்ளங்கைகளில் கட்டியிருந்த ரப்பர் உறைகள் தேய்ந்து, அடியில் துணி தெரிந்தது. தட்டிலிருந்து ஒரு புது டயரை இழுத்து அவள் பக்கம் உருட்டிவிட்டான். வழியில் முதலில் கண்ணில் பட்ட ஹார்டுவேர் கடையில் வாங்கியது.

"இதைப் போடு. மூணரை-எட்டு. அதே சைஸ் நம்பர்."

செனாமி டயரை எடுத்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது, பெருவிரலுக்கு ரப்பர் தெரியும். டயரின் பக்கச் சுவரில் விரலை வைத்து அமுக்கினாள். ரப்பர் உள்ளே போய்த் திரும்பி வந்தது. டயரைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"இதையா?"

"நம்பர் சரியா இருக்கு."

"அன்னிக்கும் சரியாத்தான் இருந்துச்சு."

அன்றைக்கு என்றால் நாலு மாதத்துக்கு முன், பார்னபே இதே இடத்தில் இதே மாதிரி டயரோடு உட்கார்ந்திருந்த அன்றைக்கு. பார்னபேயும் சூம்பின காலோடு பெட்ரோல் ஓட்டியவன்தான். இருவரும் ஒரே வெல்டரிடம் ஒரே நாளில் கேன் தொங்கும் பக்கக் கொக்கிகளை வைத்துக்கொண்டவர்கள். பார்னபேக்குப் படிக்கத் தெரியாது. "நீ மிஷன் பள்ளிக்கூடத்துல குந்துனவன், பார்த்துச் சொல்லு" என்று டயரை நீட்டினான். செதோன்ஜி படித்தான். மூன்றரை-எட்டு. "அதேதான், போடச் சொல்லு" என்றான்.

மூன்றாம் நாள் இகொலோ சாலை இறக்கத்தில், எட்டு கேனோடு வரும்போது டயர் வெடித்து, பெட்ரோல் பற்றிக்கொண்டது. மிச்சம் கிடைத்ததைப் புதைக்கச் சின்னப் பெட்டியே போதுமாயிருந்தது.

இன்றைக்கு அதே மாதிரி டயரை எதற்கு வாங்கினாய் என்று யாராவது கேட்டால் இவ்வளவுதான் சொல்வான். வெயில். ரிம்மில் ஓட்டி இடுப்பு விட்டுப்போயிருந்தது. அந்தக் காலத்து கனத்த மூன்றரை-எட்டு இப்போது எந்தக் கடையிலும் வருவதில்லை என்பதும் தெரியும். கடைக்காரன் ஒன்றை நீட்டினான், நம்பர் பொருந்தியது, வாங்கிக்கொண்டான். யோசிப்பதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

"மெதுவா ஓட்டிக்கிறேன்" என்றான்.

"நீ மெதுவா ஓட்டுவ. பின்னால வர்ற லாரிக்காரன் உன் வேகத்துக்கா வருவான்?" செனாமி கந்தல் டயரை லீவர் போட்டு நெம்பிக்கொண்டே பேசினாள். "அவனுக்கு அதை மாட்டினது இந்தக் கைதான். அமுக்கிப் பார்த்தேன், பழுத்த பப்பாளி மாதிரி இருந்துச்சு. நீ படிச்சவன் சரின்னு சொல்லிட்ட. பஞ்சர் ஒட்டுறவ என்னத்த மேல சொல்றதுன்னு விட்டுட்டேன்."

செதோன்ஜி ரிம்மின் நசுங்கிய விளிம்பைத் தடவினான். இதை அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"நம்பருக்குக் கீழ பொடி எழுத்துல ஒரு வரி இருந்துச்சு. இங்கிலீஷ். எனக்குப் பிரெஞ்சுதான் வரும். படிக்கத் தெரியாதுன்னு உங்க ரெண்டு பேர் முன்னால சொல்ல வெக்கமா இருந்துச்சு. விட்டுட்டேன். அவனைப் புதைச்சப்புறம் ஒரு நைஜீரியா லாரிக்காரன்கிட்ட அதே மாதிரி டயரைக் காட்டிக் கேட்டேன்."

"என்னன்னான்?"

"ரோட்டுல ஓட்டுறதுக்கு இல்லையாம். கொத்தனாருங்க சிமெண்டு தள்ளுவாங்களே, ஒத்தச் சக்கர வண்டி, அதுக்காம். நடந்து போற வேகத்துக்கு."

செனாமி நெம்புவதை நிறுத்தினாள். பாவாடைத் துணியில் கையைத் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

"அதை நமக்கு யாரு இங்கிலீஷ்ல எழுதச் சொன்னது?" என்றாள்.

பிறகு எழுந்து உள்ளே போய் இரண்டு டயர்களைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து அவன் முன்னால் போட்டாள். தரையில் விழுந்தபோது மரக்கட்டைச் சத்தம் வந்தது.

"நாலு-எட்டு. மூணு சக்கர டாக்சிக்காரனுங்க போடறது. ஆறு பிளை, ஆறு அடுக்கு. உன் ரிம்முல உக்காரும். ஒண்ணு மட்டும் போட்டா வண்டி ஒரு பக்கம் தூக்கும், ரெண்டையும் மாத்தணும்."

"உரசும்."

"எதுல?"

"தட்டுல. நாலு-எட்டு ஒசரம். பெட்ரோல் ஓட்டுற கோவி போட்டுப் பார்த்துட்டுக் கழட்டிட்டானாம்."

"இங்கதான் போட்டான். காலி வண்டியில சுத்தி விட்டுப் பார்த்தோம், நல்லாத்தான் சுத்துச்சு. லோடு ஏத்தினதும் உரசுச்சுன்னு வந்து கத்தினான். எவ்வளவு லோடுல உரசுச்சுன்னு கேட்டேன், தெரியலங்கறான். என் பஞ்சர் ஒட்டுற அடுப்புப் பக்கத்துல பெட்ரோல ஏத்தி அளக்கவா முடியும்?"

உண்மைதான். இந்த ஊரில் எல்லாரும் டயரைக் காலி வண்டியில் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். லோடோடு பார்க்கிற இடம் சாலைதான்.

செதோன்ஜி சாலைக்கு எதிரே இருந்த தண்ணீர்க் குழாயைப் பார்த்தான். பக்கத்தில் பனை எண்ணெய் வந்த மஞ்சள் கேன்கள் வரிசையாகக் கிடந்தன. அவையும் ஐம்பது லிட்டர்தான்.

"தண்ணிய ஏத்து" என்றான். "தண்ணி கனம் கூட. ஆறு கேன் தண்ணி எட்டு கேன் பெட்ரோலுக்குச் சரியா இருக்கும்."

"யாரு தூக்குறது?"

"நான் தூக்கட்டுமா?"

"கால் இல்லங்கறத நல்லாத்தான் பயன்படுத்துற நீ" என்று சொல்லிவிட்டு செனாமி குழாய்ப் பக்கம் போனாள்.

இரண்டு டயரும் மாட்டி முடித்தபோது வெயில் தலைக்கு மேல் வந்திருந்தது. அவள் காலிப் பெட்ரோல் கேன்களை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர்க் கேன்களைச் சாலைக்குக் குறுக்கே பாதி தூக்கி பாதி இழுத்துக் கொண்டுவந்து தட்டில் ஏற்றினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு. நாலாவது கேன் வரும்போது வசவு தீர்ந்து மூச்சு மட்டும் வந்தது. செதோன்ஜி வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் படுத்து, டயருக்கும் தட்டுக்கும் நடுவே விரலை வைத்திருந்தான். காலியாக இருந்தபோது மூன்று விரல் போனது. நாலாவது கேனில் ஒன்றரை விரல். ஐந்தாவதில் விரல் சிக்கியது. ஆறாவதை ஏற்றியதும் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். தட்டு டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டது.

"கோவி சொன்னது சரி" என்றான் அடியிலிருந்து.

"அப்ப என்ன, பப்பாளியப் போட்டுறவா?"

வெயில் படாத இடம். அப்படியே கண்ணை மூடிக் கிடக்கலாம் போல இருந்தது.

"இறக்கு" என்றான். "நான் சொல்ற வரைக்கும் இறக்கு."

அவள் ஒரு கேனை இறக்கினாள். இன்னொன்றைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினாள். பாதி கொட்டியபோது அவன் விரல் முழுசாக நுழைந்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைந்தது.

"போதும். எவ்வளவு குறைஞ்சிருக்கு?"

"ஒன்றரை."

ஒன்றரை கேன் தண்ணீர், இரண்டு கேன் பெட்ரோல். மிச்சம் ஆறு. இருபத்தாறு வருஷமாக எட்டு கொண்டுவந்தவன் இனிமேல் ஆறு கொண்டுவர வேண்டும். அதற்காக வீட்டில் யாரும் முக்கால் வயிற்றோடு நிறுத்திக்கொள்ளப்போவதில்லை. நாலு நாளில் முடிகிற வேலைக்கு அஞ்சு நாளுக்கு மேல் போக வேண்டும், அதே இடுப்போடு. அவன் வண்டிக்கு அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்தான். முதுகெல்லாம் கொட்டின தண்ணீரின் சேறு.

"ரம்பம் குடு" என்றான்.

"எதுக்கு?"

"கொக்கிய அறுக்கணும்."

"பைத்தியமா? ரெண்டு கேன் கம்மியா ஏத்து, முடிஞ்சுது. கொக்கி பாட்டுக்குத் தொங்கிட்டுப் போவுது. அது என்ன சோறா கேக்குது?"

"அங்க பெட்ரோல் ஊத்தறவன் 'கொக்கி ரெண்டு காலியா இருக்கே'ம்பான். சரிம்பேன். நாளைக்கு இல்லாட்டி அடுத்த வாரம் சரிம்பேன். இன்னிக்குக் காலைல அந்த டயருக்குச் சரின்னவன்தானே நான்."

செனாமி இரும்பு ரம்பத்தை எடுத்துக் கொடுத்தாள். காலால் ஹார்டுவேர் கடை டயரைத் தட்டினாள்.

"இத என்ன பண்றது? அவன் திருப்பி எடுத்துக்க மாட்டான்."

செதோன்ஜி தன் உள்ளங்கை உறைகளைத் திருப்பிப் பார்த்தான்.

"அறுத்து எனக்குக் கையுறை தெச்சுக் குடு. நடக்கிற வேகத்துக்குத் தாங்கும்னுதானே எழுதியிருக்கு."

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கத்தியைத் தீட்ட உள்ளே போனாள்.

இடதுபக்கக் கொக்கி சீக்கிரம் வரவில்லை. அந்த வெல்டர் ஒழுங்கான வேலைக்காரன். பாதியில் கை வலித்து நிறுத்தினான், மூச்சு விட்டான், மறுபடி இழுத்தான். கொக்கி சேற்றில் விழுந்தது. கைகளை ஊன்றி வண்டியைச் சுற்றிக்கொண்டு வலதுபக்கத்துக்கு நகர்ந்தான்.