யூனிட்டுக்குத் தைத்த சட்டை

இஞ்ஞாசிக்குச் சொந்தமாக இருந்தது ஒரே ஒரு ஒலிபெருக்கிக் குழாய். அதன் பின்பக்கம் திருகியிருக்கும் இரும்பு யூனிட்டுக்குள்தான் சத்தத்தின் உயிர். மயிரளவு செப்புக் கம்பியைச் சுற்றிய காயில் அது. இரண்டே மாதத்தில் இரண்டு காயில் கருகிவிட்டது. இன்று மூன்றாவதும் போனால் மைக்செட்டை ஏறக்கட்டிவிட்டு, திண்டுக்கல்லில் மச்சான் பட்டறையில் பூட்டுக்கு அரம் போட வேண்டியதுதான். மச்சான் முன்னால் கைகட்டி நிற்பதை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்காது.

இத்தனைக்கும் யூனிட்டைக் கண்ணாகத்தான் பார்த்துக்கொண்டான். வாங்கிய அன்றே அவன் மனைவி ரோஸ்மேரி, மாதாகோயில் சப்பரத்துக்கு வாங்கி மிஞ்சிய சிவப்பு வெல்வெட்டில் அதற்கு ஒரு சட்டை தைத்துப் போட்டாள். முதல் காயில் போனதும், வெயில்தான் காரணமென்று உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தாள். இரண்டாவது போனதும் ஊர்க்கண் என்றார்கள். சட்டையில் ஒரு சிலுவையும் ஏறியது.

சாணார்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் ஒச்சம்மாள் மகனுக்கு அன்று காதுகுத்து. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வேண்டும். அவள் அண்ணன் சோலைமுத்து, வரப்புத் தகராறில் எட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இரண்டு கல் தள்ளி அடுத்த ஊரில் இருந்தார். "மைக்குல பேரச் சொல்லிக் கூப்பிடட்டும். என் வாசல்ல கேட்டா வாரேன்" என்று ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தார்.

ஒச்சம்மாள் விடிந்ததிலிருந்து இஞ்ஞாசியை விட்டு நகரவில்லை.

"சத்தத்தக் கூட்டுப்பா. அண்ணன் வீடு வரைக்கும் கேக்கணும்."

"கேக்கும்க்கா."

"இம்புட்டுத்தானா? இன்னுங் கூட்டு."

இசைத்தட்டுகள் மாறி மாறி ஓடின. அண்ணனைக் கூப்பிடக் குறித்திருந்த பதினோரு மணிக்குப் பாட்டு கரகரத்தது. இஞ்ஞாசி குழாய் கட்டியிருந்த வேப்பமரத்தில் ஏறினான். வார்னிஷ் கருகும் வாடை. சட்டைக்குள் கைவிட்டான், யூனிட் தோசைக்கல்லாகக் கொதித்தது.

கிளையில் உட்கார்ந்தபடியே அவனுக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று. பாடப் பாடக் காயில் சுடுகிறது. அந்தச் சூடு இரும்பு வழியாக வெளியே போய்க் காற்றில் ஆற வேண்டும். அதைப் போகவிடாமல் வெல்வெட்டும் பஞ்சுமாகப் பொத்தி, இரண்டு காயிலையும் ஆசை ஆசையாகச் சாகடித்திருக்கிறார்கள் புருஷனும் பெண்டாட்டியும். தன் புத்தியைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சட்டையை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் பாட்டை நிறுத்தினான்.

"கூப்பிடுற நேரத்துல ஏன்யா நிறுத்துன? என் குடியக் கெடுத்தியே!" ஒச்சம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இப்பக் கூப்பிட்டா அண்ணன் பேரு பாதியிலயே காயில் போயிரும்க்கா. செத்த நேரம் ஆறட்டும்."

"மைக்செட்டுக்குத் தொண்ட கட்டிருச்சாம்ல, சுக்குக் காப்பி குடுங்கப்பா" என்று பந்தலில் ஒரே சிரிப்பு. அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏறித் தொட்டுப் பார்ப்பதும் இறங்குவதுமாக இருந்தான். ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லி முடிக்கும்வரை உள்ளங்கையை யூனிட்டின்மேல் வைக்க முடிந்தால்தான் கூப்பிடுவது என்று வைத்துக்கொண்டான். முதல் தடவை முதல் வார்த்தையிலேயே கையை உதறினான். அரை மணி நேரம் கழித்து ஆமென் வரை தாங்கியது.

"நாலே வார்த்தைக்கா" என்று மைக்கை நீட்டினான்.

அவள் நீளமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். எல்லாம் மறந்துபோயிற்று. "அண்ணே... சோலைமுத்தண்ணே... வாண்ணே." குழாய் அதைப் பிசிறில்லாமல் ஊருக்குச் சொன்னது.

சொல்லி வாய் மூடவில்லை, தெருமுனையில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. மேல்சட்டைகூட இல்லாமல், வேர்த்து வழிய, சோலைமுத்து.

"இப்பத்தானண்ணே கூப்பிட்டேன்!"

"அது வழியிலதான் கேட்டுச்சு. விடிஞ்சதுலருந்து கத்துன குழாயி பொசுக்குன்னு நின்னுபோச்சு. செத்த நேரம் பாத்தேன், சத்தமே இல்ல. பிள்ளைக்கு என்னமோ ஏதோன்னு கால் தரிக்கலத்தா. சீரு பின்னால வண்டியில வருது."

ஒச்சம்மாள் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு கேவிக் கேவி அழுதாள். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். மாமனின் ஈர மடியில் பிள்ளை வழுக்கி வழுக்கி நெளிந்தான். இஞ்ஞாசி இடுப்பிலிருந்த வெல்வெட்டை உருவி, சோலைமுத்துவின் மடியில் விரித்துவிட்டான். சட்டை எங்கே என்று ரோஸ்மேரி கேட்டால் சொல்ல, அவனுக்கு இப்போது ஒரு நல்ல பதில் இருந்தது.