கெட்டி அடிக்கல

மிஷின் நின்றபோது ஊசி துணிக்குள் இருந்தது. கல்பனா அதை மேலே ஏற்றாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஆன்லைனில் விற்கும் பைக்கு ஒரு நட்சத்திரம். கீழே ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். டிபன் பை வாங்கிய சில நாளிலேயே தோளில் மாட்டும் பட்டை கழன்று, டப்பா ரோட்டில் விழுந்து, சாம்பார் முழுக்கக் கொட்டிவிட்டது என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் அவள் போனைக் கீழே வைத்திருப்பாள். கடைசியில் இன்னொரு வரி இருந்தது. பட்டை முனையில் கெட்டி அடிக்கல.

தையல் தொடங்குகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் மிஷினை முன்னும் பின்னுமாக ஓட்டி நூலைப் பூட்டுவதைத்தான் கெட்டி அடிப்பது என்பார்கள். பை வாங்குகிறவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் அறுந்துபோச்சு என்பார்கள், பிஞ்சிபோச்சு என்பார்கள், மட்டமான மால் என்று திட்டுவார்கள். எங்கே அறுந்தது, ஏன் அறுந்தது என்று பார்க்க மாட்டார்கள். இதை எழுதியவள் மிஷினில் உட்கார்ந்தவள். கல்பனா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். படிக்கப் படிக்க அது ஒரு குரலில் கேட்கத் தொடங்கியது.

ரகு ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றினான். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறான். அவள் போனை நீட்டினாள்.

"வேலையத்தவன் எவனாவது எழுதியிருப்பான். உடு" என்றான்.

"எவனும் இல்ல. எவளோ. மிஷின்ல குந்துனவ."

அவன் மறுபடி படித்தான். "ஏஞ்சல சொல்றியா? சேச்சே. அது அந்த மாதிரி பொண்ணு இல்ல."

"உனுக்கு இன்னா தெரியும்?"

"எனுக்கு ஒண்ணும் தெரியாது. சோறு கீதான்னு மட்டும் சொல்லு."

ஏஞ்சலும் அவளும் தேர்வாய் கண்டிகையில் கையுறை தைக்கும் ஒரு கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் இருந்தவர்கள். கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட். பிறகு இருவரும் வேலையை விட்டு, கவரைப்பேட்டையில் கல்பனாவின் வீட்டு முன்னறையில் இரண்டு மிஷின் போட்டு, சூடு காக்கும் ஷீட் வைத்த டிபன் பை தைத்தார்கள். பையின் உடம்பு கல்பனாவுடையது. பட்டையும் ஜிப்பும் ஏஞ்சலுடையது. படம் எடுத்து, விலை போட்டு, ஆன்லைனில் ஏற்றுவதும் ஏஞ்சல்தான். தைத்ததை மொத்தமாகக் கட்டி அந்தத் தளத்தின் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கிருந்து எந்த ஊருக்கு, யார் கைக்குப் போகிறது என்பது இவர்களுக்குத் தெரியாது. மே மாதக் கடைசியில், பள்ளிக்கூடம் திறப்பதற்காகப் பை குவித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஏஞ்சல் கம்பெனிக்கே திரும்பப் போவதாகச் சொன்னாள். புருஷன் எட்வர்டைக் கான்ட்ராக்ட் முடிந்ததென்று நிறுத்திவிட்டார்கள். மாமியாருக்கு டயாலிசிஸ். வைத்தியத்துக்குக் கம்பெனி இ.எஸ்.ஐ. வேண்டும். கல்பனா தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "போ. நீ இல்லன்னா மிஷினு ஓடாதா" என்றாள். ஏஞ்சல் அன்று பாதியில் இருந்த பட்டைகளை முழுக்கத் தைத்து முடித்துவிட்டுத்தான் போனாள். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை.

மிஷின் ஓடத்தான் செய்தது. ஜூனில் ஐந்து நட்சத்திர மதிப்பீடுகள் வந்தன, ஒன்றன்பின் ஒன்றாக. மிக அருமையான தயாரிப்பு. என் கணவர் நைட் ஷிப்ட்டுக்கு எடுத்துச் செல்கிறார், விடியும் வரை சோறு சூடாக உள்ளது. கல்பனா அவற்றை ரகுவுக்கு வாசித்துக் காட்டினாள். முன்பின் தெரியாதவர்கள் புகழ்ந்தார்கள். ஏஞ்சல் இல்லாமல் தைத்த பையைப் புகழ்ந்தார்கள். அது அவளுக்குத் தேவையாக இருந்தது. சில நாள் சமையல்கட்டில் தனியாக இருக்கும்போதும் எடுத்துப் படித்தாள்.

அந்த ஒரு நட்சத்திரத்துக்குப் பிறகு இன்னும் இரண்டு வந்தன. இரண்டிலும் பட்டைதான். பை பட்டியலில் கீழே இறங்கியது. தேடினால் நாலாவது பக்கத்தில் வந்தது. பிறகு தேடினாலும் வரவில்லை.

அன்று சாயங்காலம் ஏஞ்சல் வரும் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் போனாள். ரயில்வே கேட் மூடியிருந்ததால் லாரிகள் வரிசையாக நின்றன. பஸ் அவற்றுக்குப் பின்னாலேயே நின்று ஆட்களை இறக்கியது. ஏஞ்சல் இவளைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். சிரித்தாள்.

"இன்னாக்கா, நின்னுக்கினு கீற? நானே ஊட்டுக்கு வர்லாம்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"வந்து? எங்க தையலு பிரியுதுன்னு பாத்துக்கினு போயி எழுதவா?"

ஏஞ்சலுக்குப் புரியவில்லை. சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது.

"நடிக்காத. கெட்டி அடிக்கலன்னு எழுதுனியே, கீழ உம் பேர போட்றதுதானே? ஞாயித்துக்கெழமையானா வெள்ளச் சேல கட்டிக்கினு கோயிலுக்கு. மத்த நாள்ல இந்த வேல."

பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் நின்றுவிட்டார்கள். ஒருத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஏஞ்சல் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நா எழுதலக்கா."

பிறகு, தாழ்ந்த குரலில் கேட்டாள். "கெட்டி அடிக்கலையாக்கா?"

அந்தக் கேள்வியில் கேலி இருப்பதாகத்தான் கல்பனாவுக்குப் பட்டது. "தூ" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். கேட் திறந்து லாரிகள் ஒவ்வொன்றாக உறுமின.

வீட்டுக்கு வந்ததும் தளத்தில் புகார் எழுதினாள். பொய்யான மதிப்பீடு என்பதைத் தேர்ந்தெடுத்தாள். எழுதியவர் யார் என்று சந்தேகிக்கிறீர்கள் என்று ஒரு கட்டம் கேட்டது. விருப்பமிருந்தால் நிரப்பலாம் என்று போட்டிருந்தது. ஏஞ்சலின் பெயர், போன் நம்பர், தெரு. என்னோடு தொழில் செய்தவர், இப்போது என்னைக் கெடுக்கப் பார்க்கிறார்.

"பேரு எதுக்கு?" என்றான் ரகு. "பொய்யின்னு மட்டும் போட்டா பத்தாதா?"

"பேரு போட்டாத்தான் புடிப்பாங்க."

பிடித்தார்கள். சில நாளில் பதில் வந்தது. நீங்கள் குறிப்பிட்ட நபருடன் தொடர்புடைய கணக்குகளிலிருந்து வந்த மதிப்பீடுகள் நீக்கப்பட்டன. கல்பனா ரகுவை எழுப்பப் போனவள், முதலில் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். சாம்பார் கொட்டியவளின் ஒரு நட்சத்திரம் அங்கேயே இருந்தது. பொருளை வாங்கியவர் எழுதியது என்ற குறிப்புடன். மற்ற இரண்டும் இருந்தன. ஜூனில் வந்த ஐந்து நட்சத்திர மதிப்பீடுகள் ஒன்றுகூட இல்லை. நைட் ஷிப்ட்டுக்குச் சோறு கொண்டுபோன கணவர் இல்லை. மிக அருமையான தயாரிப்பு இல்லை.

உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். ஒரு பெண் நல்ல தமிழில் பேசினாள்.

"நீங்கள் கொடுத்த எண்ணோடும் முகவரியோடும் இணைந்த கணக்குகள்தான் மேடம் அவை. உங்கள் புகாரின்படி நீக்கியிருக்கிறோம்."

"நா சொன்னது கெட்டத எடுக்க சொல்லி."

"அது உண்மையான வாடிக்கையாளர் மேடம். ஊரும் வேறு. விற்பவருக்குத் தெரிந்தவர்கள் மதிப்பீடு எழுதுவது விதிமீறல் என்பதால் உங்கள் பொருளின் விற்பனையும் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. இருப்பில் உள்ள பைகள் உங்களுக்கே அனுப்பப்படும். வேறு ஏதாவது உதவி தேவையா மேடம்?"

கல்பனா தேவையில்லை என்றாள். ஏன் அதற்குப் பதில் சொன்னோம் என்று பிறகு நினைத்தாள்.

மறுநாள் மறுபடி பஸ் நிற்கும் இடத்துக்குப் போனாள். கையில் ஒரு பை. எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெளிவில்லை. வெறுங்கையோடு நிற்க முடியாது போல இருந்தது. பஸ் வந்தது. ஏஞ்சல் இறங்கவில்லை. அன்று வாயெடுத்த பெண் இறங்கினாள். இவளைப் பார்த்து நின்றாள்.

"அவள தேட்றீங்களா? அவ இப்ப இங்க எறங்கறதில்ல. அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடந்து வருது. உங்க புண்ணியம்."

அவள் பெயர் பானு. ஊத்துக்கோட்டைப் பக்கம் சொந்த ஊர். கல்யாணமாகி இங்கே வந்து கம்பெனியில் சேர்ந்தவள். கல்பனா அந்தக் கம்பெனியை விட்ட பிறகு வந்தவள். தோளில் நீலப் பை தொங்கியது. கல்பனாவின் பை.

"இது எங்க வாங்கனீங்க?"

"எங்க வாங்கனேனா? நீங்கதானே விக்கிறீங்க" என்றாள் பானு. "அவ உட்டாளா எங்கள? எங்க அக்கா ஒண்டியா தைக்குது, ஆளுக்கு ஒண்ணு வாங்குங்கடின்னு லைன் பூரா கேட்டுக்கினே இருந்தா. எங்களுக்கு ஆன்லைன்ல வாங்கத் தெரியாதுன்னா, எங்க போன எல்லாம் வாங்கி அவளே ஆர்டர் போட்டா. எல்லாம் அவ ஊட்டு அட்ரசுக்கே வந்திச்சி. மூட்டையா தூக்கியாந்து பஸ்ல குடுத்தா. டிரைவரு கேக்கறான், இன்னாம்மா ரேஷன் கடையான்னு."

கல்பனா கையிலிருந்த பையை மறு கைக்கு மாற்றினாள்.

"ஸ்டார் போட்டதும் அவதான். நா 'நல்லா கீது'ன்னு போடுடீன்னேன். 'மிக அருமையான தயாரிப்பு'ன்னு போட்டுக்கினு கீறா. நா என்னிக்கிம்மா அப்டி பேசனேன்? என் ஊட்டுக்காரன் படிச்சிட்டு, யாருடி எழுதிக் குடுத்தது, லவ் லெட்டராட்டம் கீதுன்றான்." அவள் சிரிக்கப் பார்த்து விட்டுவிட்டாள். "இப்ப எங்க எல்லார் கணக்கையும் மூடிட்டான். திருடின்ற மாதிரி மெசேஜ். அவ ஒவ்வொருத்தி கிட்டயா போயி மன்னிப்பு கேட்டுக்கினு கீறா. அவ எதுக்குக் கேக்கணும்?"

பானுவின் பார்வை கல்பனாவின் கையில் இருந்த பைக்குப் போனது. "அவளுக்கா?" என்று கேட்டபடி வாங்கினாள். வாங்கிய கையோடு, லைனில் செக்கிங்கில் நிற்பவர்கள் செய்வதுபோல, பட்டையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள். யோசித்துச் செய்யவில்லை. கை அப்படிப் பழகியிருந்தது. நூல் சரசரவென்று பிரிந்து பட்டை ஒரு பக்கம் தொங்கியது.

"இன்னாக்கா இது" என்றாள் பானு. "கெட்டி அடிக்காம உட்டுக்கீற."

கல்பனா அவள் வாயையே பார்த்தாள். அந்தச் சொல் தனக்கும் ஏஞ்சலுக்கும் மட்டுமே உரியது என்று எப்படி நினைத்தாள் என்று தெரியவில்லை. இந்தப் பக்கத்தில் எத்தனை கம்பெனி. விடியற்காலையில் எத்தனை பஸ். ஒவ்வொரு பஸ்ஸிலும் அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு போகிறார்கள். அதில் ஒருத்தி, எங்கேயோ இருப்பவள், சாம்பார் கொட்டிய ரோட்டில் குனிந்து பட்டையின் முனையைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். பார்த்ததை எழுதியிருக்கிறாள். உள்ளதைத்தான் எழுதியிருக்கிறாள். ஜூனில் பட்டையும் தன் தலையில் விழுந்தபோது, அவசரத்தில், முனைக்கு வந்ததும் ஊசியைத் தூக்கிவிட்டு அடுத்த பையை எடுத்தது கல்பனாவின் கைக்கு ஞாபகம் வந்தது. ஒரு பையில் இல்லை. எல்லாவற்றிலும்.

"உன்னுது பிரியலையா?" என்று கேட்டாள்.

பானு தன் பையின் பட்டையை இழுத்துக் காட்டினாள். அது அசையவில்லை. "இது மொத சரக்குன்னு சொன்னா. அவ தச்ச பட்டையாம்."

கிடங்கிலிருந்து பெட்டிகள் திரும்பி வந்தன. ரகு அவற்றை முன்னறையில் அடுக்கினான். ஏஞ்சலின் மிஷினை மூடிக்கொண்டு பெட்டிகள் நின்றன. அவன் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கல்பனா ஒவ்வொரு பையாக எடுத்துப் பட்டையை இழுத்தாள். பிரிந்ததை ஒரு பக்கம் போட்டாள். பிறகு இழுப்பதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் அந்தப் பக்கமே தள்ளினாள். தளத்துக்கு ஒரு விளக்கம் எழுதினாள். அந்தக் கணக்குகள் பொய்யல்ல, எல்லோரும் வாங்கியவர்கள்தான், நான் கொடுத்த புகார்தான் தவறு என்று எழுதினாள். முடிந்துபோன புகாரைத் திறக்க இயலாது என்று உடனே பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டில் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு ஏஞ்சலின் வீட்டுக்குப் போனாள். அந்தத் தெருவில் புதிதாகச் சிமெண்டுக் கல் பதித்திருந்தார்கள். வெயில் அதிலிருந்து ஏறியது. கதவு திறந்திருந்தது. திரை தொங்கியது. எட்வர்ட் வெளியே வந்தான். மடித்துக் கட்டியிருந்த லுங்கியை அவிழ்த்துக் கீழே விட்டுக்கொண்டான்.

"வாங்கக்கா."

வாங்க என்றானே தவிர வாசலை விட்டு நகரவில்லை.

"ஏஞ்சலு?"

"டூட்டிக்குப் போயிக்கீதுக்கா. ஓவர்டைம்."

"ஞாயித்துக்கெழமையா?"

"ஆமாக்கா. ஆளு பத்தலன்னு கூப்டாங்களாம்."

கல்பனா தலையாட்டினாள். வழியெல்லாம் சேர்த்துவைத்த பேச்சில் ஒன்று மட்டும்தான் வாய்க்கு வந்தது. "அது அவ எழுதலன்னு எனுக்குத் தெரிஞ்சிபோச்சி. சொல்லு."

எட்வர்ட் அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை.

"அது அவளுக்கு மொதல்லயே தெரியுமேக்கா" என்றான். பிறகு, அப்படிச் சொன்னதற்கு வருந்தியவன்போல, "மோர் சாப்புட்றீங்களா?" என்று கேட்டான்.

வேண்டாம் என்று சொல்லத் திரும்பியபோதுதான் வாசலோரத்துத் துணிக்கொடியைப் பார்த்தாள். டூட்டிக்குப் போயிருந்தால் ஏஞ்சல் போட்டிருக்க வேண்டிய கம்பெனிச் சட்டை அதில் தொங்கியது. அப்போதுதான் அலசிப் போட்டது, பிழியக்கூட இல்லை. அதன் கைகள் இரண்டும் நீரில் கனத்துக் கீழே இழுத்தன. எட்வர்டும் அவள் பார்ப்பதைப் பார்த்தான். திரைக்குப் பின்னால் மின்விசிறி ஓடியது. சட்டையிலிருந்து சொட்டிய நீர் கல் இடுக்கில் கோடாக இறங்கி, கல்பனாவின் செருப்பு வரை வந்தது. அவள் காலை நகர்த்தவில்லை.