வெட்டுக்கிளி உட்கார்ந்த கதை

“எனக்கு வேற கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்,” என்றாள் மருமகள்.

சாப்பாட்டு மேசையில் எல்லாரும் இருந்தார்கள். மாமியார் வாய்க்குக் கொண்டுபோன கையைத் தட்டுக்கே இறக்கினாள். கணவன் மட்டும் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த வீட்டில் ‘வேற கம்பெனி’ என்ற பேச்சு வந்தால் அது தன்னைப் பற்றித்தான் என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை.

“யாருக்கு?” என்றான்.

“எனக்கு.”

தலை நிமிர்ந்தது.

இவனைத் தெருவில் வெட்டுக்கிளி என்பார்கள். மென்பொருள் எழுதுகிறவன். ஓரிடத்தில் நாற்காலி சூடாவதற்குள் அடுத்த கம்பெனிக்குத் தாவிவிடுவான். ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் இருந்தால் மூளை துருப்பிடித்துவிடும் என்பது அவன் சித்தாந்தம். ஒருநாள் காலை, பழக்கதோஷத்தில், இரண்டு கம்பெனிக்கு முந்தைய கம்பெனிக்குப் போய்விட்டான். காவலாளி சலாம் வைத்தான். இவனும் உள்ளே போய் இரண்டு மீட்டிங்கில் உட்கார்ந்து, மூன்று பேரைக் குறை சொல்லிவிட்டு, சாப்பிடப் போனபோதுதான் விஷயம் உறைத்தது. நழுவப் பார்த்தவனை மேலாளர் நிறுத்தி, “சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் வந்துடும்ல?” என்றார். அனுப்பியும் வைத்தான். நம்பாதவர்கள் அந்தக் காவலாளியைக் கேட்டுக்கொள்ளலாம்.

மேசையின் மறுமுனையில் இருந்தவர் இவனுடைய தாய்மாமன். ஒரே ஆபீஸ், ஒரே நாற்காலி என்று ஆயுளைக் கழித்தவர். ஓய்வு பெற்ற அன்று அவர் எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்துவிட்டது. இரண்டு பேர் பிடித்து இழுத்துத்தான் பிரித்தார்கள். வேலை மாறுகிறவனை அவர் மனுஷக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மாமனும் மருமகனும் எதிலும் ஒத்துப்போனதாகச் சரித்திரம் கிடையாது.

அன்று ஒத்துப்போனார்கள்.

“இப்ப எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை? பொம்பளைக்கு ஒரே இடம்தான் மரியாதை,” என்றார் மாமா.

“மாமா சொல்றது கரெக்ட்,” என்றான் வெட்டுக்கிளி. மாமாவுக்கே தூக்கிவாரிப் போட்டது. “உனக்கு அங்க நல்லா செட் ஆயிடுச்சு. மூணரைக்கெல்லாம் வீட்டுக்கு விட்டுடறான். அத ஏன் கெடுத்துக்கற?”

“மூளை துருப்பிடிச்சிடும்னு சொல்வீங்களே?”

“அது... ஆளைப் பொறுத்தது.”

அவளுக்கு அந்தக் கம்பெனியில் ஒன்பதாவது வருஷம். நாலு மணிக்குப் பள்ளிக்கூட வேன் வரும். மகளை இறக்க வேண்டும். மாமியாருக்குக் கண் மருந்து விட வேண்டும். வெட்டுக்கிளி தாவிக்கொண்டே இருக்க, யாராவது ஒருவர் அசையாமல் இருந்தாக வேண்டும் அல்லவா? சீக்கிரம் கிளம்புகிறவள் என்பதால் ஆபீஸில் பெரிய பொறுப்பு எதுவும் அவள் பக்கம் திரும்பவில்லை. அவளிடம் வேலை கற்றுக்கொண்ட ஒருவன் இப்போது அவளுக்கே மேலாளர். தங்கமான பையன், ‘அக்கா’ என்று கூப்பிட்டுத்தான் லீவு இல்லை என்பான். புதிய கம்பெனியோ ஒரு குழுவையே அவள் பொறுப்பில் விடுவதாகச் சொல்லியிருந்தது. இதை விட்டால் இன்னொன்று வருமா என்பது அவளுக்கே சந்தேகம்.

மாமியார் தொண்டையைச் செருமினாள். “நாலு பேரு என்ன கேப்பாங்க? புருஷன் சம்பாத்தியம் பத்தலையான்னு கேப்பாங்க.”

“இவர் ஏழு தடவை மாறினாரே அத்தை. பொண்டாட்டி சம்பாத்தியம் பத்தலையான்னு ஒருத்தராவது கேட்டாங்களா?”

“ஆம்பள மாறினா வளர்ச்சிடி. நீ மாறினா வீடு என்ன ஆகறது?”

“அதைத்தான் நானும் யோசிச்சுட்டு இருக்கேன்,” என்றாள்.

திங்கட்கிழமை சம்மதம் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை மடிக்கணினியை டிவியில் மாட்டிவிட்டுக் கணவனைக் கூப்பிட்டாள்.

“உக்காருங்க. ஒப்படைப்பு.”

வேலையை விடுகிறவர், வருகிறவரை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்; அவர்கள் தொழிலில் அதுதான் முறை.

“ஐயோ, வீட்ட விட்டே போறியா?” என்று மாமியார் பதறினாள்.

“எங்கயும் போகல அத்தை. காலையில நான்தான். ராத்திரியும் நான்தான். நாலுலேர்ந்து ஏழு வரைக்கும் உங்க புள்ள.”

ஏழு கம்பெனியில் ஒப்படைப்பு வாங்கியவன் வெட்டுக்கிளி. ஒன்றிலும் காது கொடுத்துக் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான், வண்டவாளம் வெளியே வருவதற்குள் தாவிவிடுவான். இங்கேயும் தலையாட்டினான். ஆனால் தாவுவதற்கு அவனுக்கு வேறு வீடு இல்லை.

“திருப்பிச் சொல்லுங்க. கண் மருந்து?”

“வலது கண்ணு. ரெண்டு சொட்டு.”

“யாருக்கு?”

“பாப்பாவுக்கு.”

மாமியார் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டாள்.

வெட்டுக்கிளி தன் கம்பெனியில் கெஞ்சி, சாயங்கால வேலையை விடிகாலைக்கு மாற்றிக்கொண்டான். முதல் மாதம் வேனிலிருந்து அடுத்த வீட்டுப் பிள்ளையை இறக்கிக் கூட்டிவந்து பாலும் கொடுத்துவிட்டான். பிள்ளைதான் பெரிய மனசு பண்ணி, “அங்கிள், எங்க வீடு பக்கத்துல,” என்றது. பிறகு படிந்துவிட்டான். நடுவில் பெரிய கம்பெனி ஒன்று கூப்பிட்டது. “மூணரைக்குக் கிளம்பலாமா?” என்று கேட்டான். “அப்புறம் கூப்பிடறோம் சார்,” என்றார்கள். இன்றுவரை கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றரை வருஷம் வந்தது, போனது. அவன் அதே கம்பெனியில்.

“சும்மா சும்மா வேலை மாறக்கூடாது மாமா. நிலைச்சு நிக்கணும்,” என்றான் ஒருநாள். மாமா அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்.

கம்பெனி ஆண்டுவிழாவில் அவனை மேடைக்கு அழைத்து, வேலையையும் குடும்பத்தையும் ஒருசேரச் சுமக்கும் அபூர்வ மனிதர் என்று கண்ணாடிக் கேடயம் ஒன்றைக் கொடுத்தார்கள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

மறுநாள் காலை மாமியார் தன் தங்கையோடு போனில் உருகிக்கொண்டிருந்தாள். “பெத்த பொண்ணுக்காக வந்த வேலையக்கூட வேணாம்னுட்டான்டி. யாருக்கு வரும் இந்த மனசு?”

மருமகள் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். கேடயத்தைக் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்தான் கணவன்.

“இத எங்க வைக்கலாம்?”

அவள் நிமிர்ந்து, கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

“எங்க வேணா வைங்க. தூசி தட்டறது மட்டும் நாலு மணி வேலையில சேர்ந்துடும்,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.