இடைக்கதவுத் தாப்பா

காயல்பட்டினத்துல எங்க தெருப் பொம்பளைக வாசல் வழியாப் போக்குவரத்து வச்சுக்கிடுறதில்ல. வீட்டுக்கு வீடு இடைக்கதவு உண்டு. எங்க வாப்பா ஒரே கூரைக்குக் கீழ எனக்கொண்ணு, தங்கச்சி ஹமீது பீவிக்கொண்ணுன்னு ரெண்டு வீடு கட்டி, நடுச்சுவத்துல தேக்குக் கதவு போட்டாக. ரெண்டு பக்கமும் தாப்பா. "லாத்தா, வரட்டா?"ன்னு அவ கேப்பா. "வாடி"ன்னு நான் சொன்னாத்தான் உள்ள கால் வைப்பா. அதுதான் எங்க வழக்கம்.

உம்மாவ என் வீட்டுல விட்டுட்டு நான் கொழும்புல இருந்தப்ப அவ காய்ச்சல்ல மௌத்தாயிட்டா. "என்கூட சண்டை போட்டுட்டு அவ பக்கம் தாப்பாவப் போட்டுக்கிட்டா. ஒரு வார்த்தை கூப்பிடல"ன்னு உம்மா சொன்னா. நான் வந்து சேருறதுக்குள்ள உம்மா ஆளக் கூப்பிட்டு நம்ம பக்கம் கதவு மேல செங்கல் வச்சுப் பூசியாச்சு. அந்த வீட்டையும் பூட்டியாச்சு. பிறகு உம்மாவும் போயிட்டா. ஹமீது மேல எனக்குக் கோவம் மட்டும் போகவே இல்ல. அப்படி என்ன பிடிவாதம் அவளுக்கு!

ஆத்துல பெருவெள்ளம் வந்துச்சே, அதுக்கு மறுவருஷம் என் மக மைதீன் பாத்திமாவுக்கு நிக்காஹ் பேசினோம். எங்க பக்கம் மாப்பிள்ளை பொண்ணு வீட்டுலதான் வந்து இருப்பாரு. அந்தப் பூட்டின வீட்ட விட்டா அவளுக்குக் குடுக்க வேற வீடில்ல. வீடில்லேன்னா நிக்காஹ் இல்ல. அவளோ, "மதியத்துல சுவத்துக்குள்ள யாரோ வரட்டான்னு கேக்குது உம்மா, நான் அங்க இருக்க மாட்டேன்"னு அழுதா. "போடி கிறுக்கி"ன்னு ஏசிட்டு, கொத்தனார் கருத்தையாவை வரச் சொன்னேன்.

செங்கல்லப் பேத்ததும் கருத்தையா நின்னுட்டாரு.

"எம்மா, தாப்பா நம்ம பக்கம்லா போட்டிருக்கு."

துருப்பிடிச்சு இறுகிக் கிடந்துச்சு. சுத்தியலால தட்டி இழுத்தாரு. ஒரு தள்ளுக்கே கதவு தெறந்துட்டு. அந்தப் பக்கத்துத் தாப்பா போடவே இல்ல.

யா அல்லா, தாப்பாவப் போட்டது பெத்த உம்மாவா!

கதவோட அந்தப் பக்கம், உக்காந்தா தலை சாயுற உசரத்துல எண்ணெய்க் கறை. தொட்டுப் பாத்தேன். விரல்ல ஈரமா ஒட்டுச்சு, தேங்காயெண்ணெய் வாசத்தோட. கருத்தையா சாமானைப் போட்டுட்டு வெளிய ஓடிட்டாரு.

உள்ள இருட்டுல இருந்து, "லாத்தா, வரட்டா?"

"பதில் சொல்லாதீங்க உம்மா!" பாத்திமா என் கையப் பிடிச்சு இழுத்தா. ஆனா கூப்பிடவே இல்லன்னுல்லா இவள இத்தனை வருஷமும் ஏசிக்கிட்டிருந்தேன்.

"வாடி"ன்னேன்.

இப்ப பாத்திமா அவ மாப்பிள்ளையோட அந்த வீட்டுலதான் இருக்கா. அங்க ஒரு சத்தமும் இல்ல. இங்க என் பக்கத்துத் தலையணையிலதான் எண்ணெய் காயவே மாட்டேங்கு. உறையக் கழட்டித் தொவைக்க எனக்கு மனசு வரல.