மூன்றாம் நம்பர் காற்று

வாட்ச் ரிப்பேர்காரருக்கும் காற்றுக்கும் எந்தக் காலத்திலும் ஆகாது. கடையில் ஃபேன் கிடையாது, ஜன்னலைத் திறப்பதும் கிடையாது. கடுகில் பாதி இருக்கும் திருகாணி ஒரே தும்மலில் ஊரைவிட்டே போய்விடும் என்பதால், கண்ணில் லென்ஸை மாட்டினால் மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் ஐம்பது வயதுக்கு மேல், வெள்ளைப் பாய் கட்டிய சின்னப் படகில் தான் மிதந்து போவதாகக் கனவு கண்டார். கண்டதோடு நிறுத்தியிருக்கலாம். காலையில் மனைவியிடம் சொல்லித் தொலைத்தார்.

"கனவுல நான் எங்க உக்காந்திருந்தேன்?"

"நீ கரையில நின்ன மாதிரி இருந்துச்சு."

"ஏங்க, கனவுலகூட என்னை ஏத்திக்கிட்டுப் போக மாட்டீங்களா?"

அந்த வாரமே ஏரிக்கரைப் படகுப் பள்ளியில் அவரைச் சேர்த்துவிட்டாள். படகில் ஆளை ஏற்ற வேண்டுமானால், முதலில் ஏரி நடுவில் மிதக்கும் பீப்பாயைத் தனியாகச் சுற்றிவர வேண்டும். மூன்று வாய்ப்பு. முதல் தடவை படகு கரையை விட்டே கிளம்பவில்லை. இரண்டாம் தடவை கிளம்பியது, பின்பக்கமாக. மூன்றாவதும் போனால் இடம் வேறொருவருக்கு.

அதனால் தினமும் சாயங்காலம் கட்டிலில் பயிற்சி. மாப் குச்சிதான் பாய்மரம், போர்வைதான் பாய், குடைதான் படகைத் திருப்பும் சுக்கான். தரையில் டேபிள் ஃபேனோடு உட்கார்ந்திருக்கும் மனைவிதான் காற்று.

"மூணாம் நம்பர் வைக்கவா?"

"ஐயோ, ரெண்டே போதும்மா!"

"புயலுக்குப் பயந்தவரு கப்பலேறலாமா?" என்றபடி ஃபேனைத் தூக்கிக்கொண்டு கட்டிலின் அந்தப் பக்கம் போவாள். அவள் போகும் திசையைப் பார்த்து அவர் போர்வையைத் திருப்புவார். விளக்கைப் போடாத அறையில் போர்வை உப்பிக்கொள்ளும். பீரோ ஒரு தீவுபோல ஒதுங்கி வழிவிடும். அடுத்த வீட்டுக் குக்கர் தூரத்துக் கப்பலாக ஊதும். எத்தனையோ கடல்களைக் கடந்துவிட்டுத்தான் இருவரும் சாப்பிட உட்கார்வார்கள்.

மூன்றாம் வாய்ப்புக்கான ஞாயிற்றுக்கிழமை அவளும் கூடவே வந்தாள். வந்ததும் ஒரு லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். "இருக்கட்டும், எப்படியும் ஏறத்தானே போறேன்." வாட்ச்காரர் படகில் ஏறிப் பாயின் கயிற்றைப் பிடித்தார்.

"சார், அது கயிறு. தலைமுடி இல்ல," என்றாள் படகு டீச்சர். திருகாணி எடுக்கும் சாமணத்தைப் பிடிக்கும் பழக்கத்தில் அவர் இரண்டு விரலால் பிடித்திருந்தார். "முழுக் கையால பிடிங்க!"

படகு கிளம்பியது, முன்பக்கமாகவே. பாதி வழியில் பாய் படபடவென்று அடித்துக்கொண்டு நின்றுவிட்டது. காற்று எங்கே? வழக்கம்போல அவர் கரையில் நின்ற மனைவியைப் பார்த்தார். அவள் பதறி இடது பக்கம் ஓடினாள். அவர் சுக்கானை அப்படித் திருப்பினார். அவள் வலது பக்கம் ஓடினாள். இவரும் இப்படித் திருப்பினார். பாவம், ஏரியின் ஸ்விட்ச் அவளிடம் இல்லை. படகு செக்கு மாடாக நின்ற இடத்திலேயே சுற்றியது.

"அம்மா, நீங்க ஓடாதீங்க! அவரு உங்களைப் பாத்துல்ல ஓட்டுறாரு!" என்று டீச்சர் கத்தினாள்.

அவள் நின்றாள். அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. கரையை விட்டதிலிருந்து தான் மூச்சே விடவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. விட்டார். பெரிய மூச்சு. அது அடங்கியதும் காதுமடலில் ஏதோ தொட்டது, தெரிந்தவர் யாரோ ரகசியம் சொல்ல வந்ததுபோல. அவர் சுக்கானை அசைத்தார். படபடப்பு அடங்கிப் பாய் நிறைந்தது. அடியில் தண்ணீர் தனக்குத்தானே பேசத் தொடங்கியது. கரை, மரங்கள், ஊர் எல்லாம் யாரோ உருவிய துணிபோல மெல்லப் பின்னால் நழுவின. பீப்பாய் பாசித் தாடியோடு வந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்த பறவை எழுந்திருக்கக்கூட இல்லை. அவர் அதைச் சுற்றினார். சுற்றிவிட்டோம் என்பதே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

கரை நெருங்கியது. படகு நிற்பதாக இல்லை.

"சார், நிறுத்துங்க!"

"நிறுத்தத் தெரியலையே, டீச்சர்!"

டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டாள். இதுவரை போன இடத்திலெல்லாம் தானாகவே நின்ற மனிதருக்கு நிறுத்தக் கற்றுக்கொடுக்க யாருக்குத் தோன்றும்?

சத்தம் கேட்டு மனைவி திரும்பினாள். படகு கரையை ஒட்டியே, யாருக்கும் அடங்காமல், அவளைத் தாண்டப் பார்த்தது.

"சுத்திட்டீங்களா?"

"சுத்திட்டேன்! ஆனா நிக்க மாட்டேங்குது!"

"அதை யாரு நிக்கச் சொன்னா?" செருப்பை உதறிவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, விளிம்பைப் பிடித்து, வாளியில் விழுந்த மீன்போலத் தொப்பென்று உள்ளே விழுந்தாள். படகு ஒருமுறை தலையாட்டிவிட்டுத் திரும்பவும் ஏரியைப் பார்த்துக் கிளம்பியது. பின்னால் டீச்சரின் விசில் கேட்டது. அப்புறம் அதுவும் ஒரு சின்னப் பறவையின் குரலாகிவிட்டது.

அவள் புடவையைப் பிழிந்தபடி பாயை அண்ணாந்து பார்த்தாள்.

"எப்படிங்க இறங்குறது?"

"அடுத்த வாரந்தான் சொல்லித் தருவாங்கன்னு நினைக்கிறேன்."

"அவசரமில்ல," என்று காலை நீட்டிக்கொண்டாள்.